வளாகத்தில் பூட்டப்பட்ட பைக்: 500 ரூபாய் கேட்க பல்கலைக்கழகத்துக்கு அதிகாரம் உண்டா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாளர். துறை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறீர்கள். திரும்பி வந்தபோது முன்சக்கரத்தில் சங்கிலி. செக்யூரிட்டி 500 ரூபாய் கேட்டார், கொடுத்தீர்கள், ரசீது தரவில்லை. பக்கத்திலேயே நின்ற இரண்டு பேராசிரியர்களின் கார்களை யாரும் தொடவில்லை. ‘பூட்டவும் அபராதம் வாங்கவும் இவர்களுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா, அடுத்த முறை கட்ட மாட்டேன் என்று சொல்லலாமா’ என்று கேட்கிறீர்கள். கேட்டிருப்பது சட்டக் கேள்விதான். ஆனால் அந்தக் கார்கள் மட்டும் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் இதை நீங்கள் எழுதியே இருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் கார்களைப் பற்றியும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் நிலத்தையும் கட்டடங்களையும் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் அலுவலகத்தில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி ஒன்பது வருடம் வளாகப் போக்குவரத்தும் பாதுகாப்பும் என் தலையில்தான் இருந்தன. சங்கிலி வாங்க ஃபைல் போட்டவனும் நான்தான், அதே சங்கிலிகளைப் பின்னால் ஸ்டோர் ரூமுக்கு அனுப்பியவனும் நான்தான். சட்டப் பிரிவுகளை எங்கள் பல்கலைக்கழகத்துக்காக வாதாடும் வழக்கறிஞர்களிடம் பலமுறை கேட்டுத் தெரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

சந்தேகமே இல்லாத பகுதியிலிருந்து தொடங்குகிறேன். வளாகம் பல்கலைக்கழகத்தின் சொத்து. எந்த வண்டி உள்ளே வரலாம், எங்கே நிற்கலாம் என்று விதி போட அதற்கு முழு உரிமை உண்டு. உங்கள் வண்டிக்குக் கொடுத்த ஸ்டிக்கரோ கேட் பாஸோ, 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்லும் வெறும் அனுமதி. அந்த இடத்தில் உங்களுக்கு எந்தப் பாத்தியதையும் அதனால் வந்துவிடாது. நிபந்தனையை மீறினால் அனுமதியை ரத்து செய்யலாம், நாளையிலிருந்து பைக்கை வெளியே நிறுத்திவிட்டு நடந்து வா என்று சொல்லலாம். மாணவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம், ஊழியருக்கு மெமோ கொடுக்கலாம். ‘நான் ஃபீஸ் கட்டுகிறேன், எங்கு வேண்டுமானாலும் நிறுத்துவேன்’ என்ற வாதம் எங்கேயும் நிற்காது.

அடுத்தது பணம். ‘அபராதம்’ என்ற சொல்லே இங்கே குழப்பத்தை உண்டாக்குகிறது. போக்குவரத்துக் காவலர் எழுதும் அபராதம் மோட்டார் வாகனச் சட்டப்படி வருவது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 177ஆம் பிரிவில் முதல் முறைக்கு 500 ரூபாய் வரை, அடுத்த முறைக்கு 1,500 வரை. உங்களிடம் கேட்ட தொகையும் 500 என்பதைப் பாருங்கள். பல வளாகங்களில் அந்த எண்ணை அப்படியே எடுத்துச் சுற்றறிக்கையில் போட்டுவிடுகிறார்கள். எண்ணை எடுக்கலாம், அதற்குப் பின்னால் இருக்கும் அதிகாரத்தை எடுக்க முடியாது. பல்கலைக்கழகம் வாங்குவது, ‘இந்த விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன்’ என்று நீங்கள் சேர்க்கையின்போதோ ஸ்டிக்கர் விண்ணப்பத்திலோ போட்ட கையெழுத்தின் பேரில் வாங்கும் பணம். அது ஒப்பந்தத்தின் வழி வருகிற தொகை என்றால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு குறுக்கே வரும்: எழுதிவைத்த தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கேட்க முடியும். மாணவர் ஒழுங்கு விதியின் கீழ் வருகிற தொகை என்றால், அந்த விதியை ஆட்சிக்குழு ஏற்றிருக்க வேண்டும், சுற்றறிக்கையாக வந்திருக்க வேண்டும், வாங்கியதற்கு ரசீது இருக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகக் கணக்குகளை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. ரசீது இல்லாமல் செக்யூரிட்டி கையில் போன 500 ரூபாய் அந்தக் கணக்குக்கு வரவே இல்லை. அதை அபராதம் என்று சொல்வதே தவறு.

இனி சங்கிலி. பொது இடத்தில், நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் அல்லது பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டியை இழுத்துப் போகவும் சக்கரத்தைப் பூட்டவும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் அதற்கு அனுமதி தர வேண்டியவர், அந்த எல்லைக்குரிய, சீருடையில் உள்ள காவல் அதிகாரி. ஏஜென்சி மூலம் வந்த செக்யூரிட்டி அந்த வார்த்தைக்குள் வர மாட்டார். 2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டம் ஏஜென்சிக்கு உரிமம் தருகிறது, காவலருக்குப் போலீஸ் அதிகாரம் எதையும் தரவில்லை. நீலச் சட்டையும் தொப்பியும் விசிலும் பார்த்து நாமாகவே ஏமாந்துபோகிறோம். டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவது அதைவிட மோசம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவில் வரும் சேதம் விளைவித்தல் என்று புகார் கொடுக்க அதில் இடம் இருக்கிறது. எங்கள் ஆட்களும் ஆரம்பத்தில் அதைச் செய்தார்கள், எனக்குத் தெரியாமல் இல்லை.

வேறு நாடுகளில் இதே சண்டை எங்கே போய் முடிந்தது என்பதையும் சொல்லலாம். ஸ்காட்லாந்தில் தனியார் இடத்தில் சக்கரத்தைப் பூட்டிப் பணம் கேட்பது மிரட்டிப் பறிப்பதற்குச் சமம் என்று 1992இலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 அக்டோபர் முதல் சட்டமே போட்டுத் தடுத்தார்கள். ஆனால் 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பெரிய பலகையில் தெளிவாக எழுதிவைத்திருந்தால் தனியார் கார் நிறுத்தத்தில் 85 பவுண்டு கட்டணம் கேட்பது செல்லும் என்றும் சொன்னது. பணம் கேட்பது, வண்டியைப் பிடித்துவைத்துக்கொண்டு பணம் கேட்பது என இரண்டையும் அவர்கள் தனித்தனியாகப் பார்த்தார்கள். அந்தத் தீர்ப்புகள் இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பிரித்துப் பார்க்கும் அந்த முறை எனக்குச் சரியாகப் படுகிறது. கலிஃபோர்னியாவில் கதை வேறு. அங்கே வாகனச் சட்டமே பல்கலைக்கழக ஆட்சிக் குழுவுக்கு வளாகத்தில் நிறுத்த விதி போடும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. வளாகத்தில் எழுதும் அபராதச் சீட்டு, ஊருக்குள் எழுதும் அபராதச் சீட்டுக்குச் சமம். நம் வளாகங்கள் அந்தத் தோரணையைக் கடன் வாங்குகின்றன, பின்னால் அப்படியொரு சட்டம் இல்லை.

சந்தேகமான பகுதி இனிமேல்தான். வளாகச் சாலை ‘பொது இடமா’? சட்டத்தின் வரையறை, மக்களுக்குப் போய்வர உரிமை உள்ள இடம் என்கிறது. பேருந்து ஆட்களை ஏற்றி இறக்கும் இடமும் அதில் அடங்கும். டவுன் பஸ் உங்கள் வளாகத்துக்குள் வந்து நிற்கிறது என்றால் அந்த நிறுத்தமாவது பொது இடம்தான். அதற்கு நேர் எதிராக, விசாகப்பட்டினம் எஃகு ஆலைக்குள் சரக்கு ஏற்றும் யார்டில் மட்டுமே ஓடிய வண்டிகள் பற்றி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுற்றுச்சுவரும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக் காவலும் உள்ள, அனுமதி இல்லாமல் யாரும் நுழைய முடியாத அந்த யார்டு பொது இடம் அல்ல, ஆகவே அங்கே மட்டும் ஓடிய காலத்துக்கு வாகன வரி கேட்க முடியாது என்றது. அது வரி வழக்கு, பார்க்கிங் வழக்கு அல்ல. பல்கலைக்கழகம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. பகலில் கேட் திறந்து கிடக்கும், காலை நடைக்கு ஊர்க்காரர்கள் வருவார்கள், வங்கிக் கிளையும் அஞ்சலகமும் உள்ளே இருக்கும். இரவு பத்துக்கு மேல் அடையாள அட்டை கேட்பார்கள். ஒவ்வொரு வளாகத்தின் நிலைமையைப் பார்த்துத்தான் நீதிமன்றம் முடிவு செய்யும். எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் செக்யூரிட்டியின் சங்கிலிக்கு லாபம் இல்லை என்பதைக் கவனியுங்கள். பொது இடம் என்றால் பூட்டும் அதிகாரம் போலீஸுடையது. பொது இடம் இல்லை என்றால் 127ஆம் பிரிவே அங்கே நுழையாது.

அதற்காக உடனே காவல் நிலையத்துக்குப் போனால் அவர்கள் வழக்குப் பதிவார்களா என்று கேட்டால், பெரும்பாலும் மாட்டார்கள். ‘சட்டவிரோதத் தடுப்பு’ என்று நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவைச் சில வழக்கறிஞர்கள் சொல்வார்கள். ஆளைத் தடுக்காமல் வண்டியை மட்டும் பூட்டினால் அது பொருந்துமா என்பதில் எங்கள் வழக்கறிஞர்களே இரண்டு பட்சமாக இருந்தார்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதில் இறங்க மாட்டேன்.

நான் சங்கிலியைக் கைவிட்ட கதையைச் சொல்கிறேன். ஒரு ஆகஸ்ட் மாதம், வகுப்புகள் தொடங்கிய வேகத்தில், நூலக வாசலில் நின்ற ஒரு மாணவரின் பைக்கைப் பூட்டினார்கள். சாவி வைத்திருந்தவர் ஷிப்ட் முடிந்து சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார். வந்த ஆளுக்கு அப்படி ஒரு வண்டி பூட்டியிருப்பதே தெரியாது. அந்தப் பையனின் அம்மா அரசு மருத்துவமனையில் இருந்தார். மாலை மருந்து வாங்கிக்கொண்டு போக வேண்டியவன் ராத்திரி வரை என் அலுவலக வாசலில் நின்றான். எனக்கு யாரும் போன் செய்யவில்லை. மறுநாள் காலை அவன் வந்து சத்தம் போடவில்லை, ‘சார், எந்த ரூல்ல பூட்டினாங்கன்னு மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்’ என்றான். சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ‘தக்க நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று இருந்தது. பூட்டுவது பற்றி ஒரு சொல் இல்லை. அந்த ஃபைலில் கையெழுத்து என்னுடையது.

இப்போது கார்களுக்கு வருகிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர், பொதுவான பார்க்கிங் மனக்குறை ஒன்றால் பிணைக்கப்பட்ட தனித்தனித் தொழில்முனைவோர் என்று தன் பேராசிரியர்களைக் கேலி செய்தார். அவர் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நோபல் பரிசு வாங்கியவர்களுக்கென்று தனி நிறுத்துமிடம் பலகையோடு ஒதுக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் நோபல் வரைக்கும் போக வேண்டியதில்லை, துறைத் தலைவர் ஆனாலே போதும்; பலகைகூட வேண்டாம், காரை எங்கே விடுகிறாரோ அது அவர் இடம். ஒருமுறை எங்கள் காவலர் ஒருவர், ஆம்புலன்ஸ் திரும்பும் இடத்தில் நின்ற ஒரு காரில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். கார் ஒரு மூத்த அதிகாரியுடையது. ‘யார் வண்டின்னு பார்த்து ஒட்டத் தெரியாதா?’ என்று எனக்கு அழைப்பு வந்தது. நான் அந்தக் காவலரை வேறு கேட்டுக்கு மாற்றினேன். அதைத்தான் என் வேலையிலேயே மோசமான கையெழுத்து என்று நினைக்கிறேன். அதன் பிறகு பல மாதங்கள் எந்தக் காவலரும் எந்தக் காரையும் குறிக்கவில்லை. நோட்டில் இருந்ததெல்லாம் பைக்குகள். மாதம் பத்தாயிரத்துச் சொச்சம் வாங்கும் ஆள், தன்னை ஒரே போனில் வீட்டுக்கு அனுப்பக்கூடியவரின் காரைப் பூட்டுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. உங்கள் பைக்கைப் பூட்டியவரும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார்.

பிறகு ஒரு பேராசிரியை போக்குவரத்துக் குழுவுக்குத் தலைவராக வந்தார். அவர் சொன்ன ஏற்பாடு எளிமையானது: காவலர் யார் வண்டி என்று பார்க்கக் கூடாது, எண்ணையும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஸ்டிக்கர் பதிவேட்டோடு ஒப்பிடும் வேலை அலுவலகத்துக்கு. மூன்று முறை சேர்ந்தால் அந்த ஸ்டிக்கர் ஒரு மாதம் செல்லாது. அந்த வண்டி கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். பணமே கிடையாது. முதல் மாதப் பட்டியலில் பாதிக்கு மேல் ஊழியர் வண்டிகள், ஆசிரியர்களும் உண்டு. கேட்டில் நிறுத்தியபோது சிலர் கத்தினார்கள். ஆனால் பட்டியலில் குழுத் தலைவியின் வண்டி எண்ணும் ஒருமுறை வந்தது, அவர் அதை அடிக்கவில்லை. அந்தச் செய்தி பரவியதுதான் எங்களுக்குப் பெரிய உதவி. பெயர்களை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம் என்று ஒருவர் சொன்னார், மறுத்துவிட்டோம். பெண்களின் வண்டி எண்ணையும் பெயரையும் சேர்த்துச் சுவரில் ஒட்டினால் வேறு தொல்லைகள் வரும்.

விதியை மீறுகிறவர்கள் ஏன் மீறுகிறார்கள் என்று நாங்கள் பார்க்கத் தொடங்கியது அதற்கும் பிறகுதான், முதலில் செய்திருக்க வேண்டியது. பதில் அவமானப்படும் அளவுக்குச் சாதாரணமானது: நிழல். அதிகாரபூர்வமான டூ வீலர் ஸ்டாண்ட், துறைகளிலிருந்து சுமார் இருநூறு மீட்டர் தள்ளி, பொட்டல் வெயிலில். ஏப்ரலில் மூன்று மணிக்கு அந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். எல்லோரும் துறை வாசல் தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வந்தார்கள். தகர ஷெட் போட்ட வாரமே பாதி வண்டிகள் அங்கே போய்விட்டன. நான் அடித்த எந்தச் சுற்றறிக்கைக்கும் அந்தப் பலன் கிடைத்ததில்லை. மீதிப் பாதி மீறல் பலகையால் வந்தது. நோ பார்க்கிங் பலகை ஒன்று காகிதப்பூச் செடிக்குள் முழுசாக மறைந்திருந்தது. தரையில் கோடே இல்லை. கார் ஒன்றுக்கு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்று கட்டம் போட்டுக்கொடுத்தால் நேராக நிறுத்துவார்கள், வெறும் மண்தரையில் இரண்டு கார் இடத்தை ஒருவர் பிடிப்பார். உங்கள் துறை வாசலில் பலகையோ மஞ்சள் கோடோ இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அவர்கள் பக்கம் மிகவும் பலவீனம். இருந்து நீங்கள் நிறுத்தியிருந்தால், பூட்டியது தவறு என்றாலும் நிறுத்தியதும் தவறுதான்.

அதில் நான் கறாராகவே இருப்பேன். எல்லா மீறலும் ஒன்றல்ல. கோட்டுக்கு வெளியே அரை அடி நிற்கிற ஸ்கூட்டரைக் குறித்து யாருக்கும் நன்மை இல்லை. மூன்று இடங்களில் மட்டும் தயவே கூடாது. ஒன்று, தீயணைப்பு வண்டி வரும் வழி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கும் 6 மீட்டர் அகலம், இரண்டு பக்கமும் பைக் வரிசை வந்துவிட்டால் காணாமல் போகும். வேதியியல் ஆய்வகம் உள்ள கட்டடத்தில் இது விளையாட்டல்ல. இரண்டு, சக்கர நாற்காலிச் சாய்தளமும் மாற்றுத்திறனாளிகளின் 3.6 மீட்டர் அகல நிறுத்துமிடமும். அந்தக் கூடுதல் அகலம் நாற்காலியை இறக்கத்தான், ‘சும்மாதானே கிடக்கு’ என்று அதில் பைக்கைச் செருகுகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை. மூன்று, சுகாதார மையத்தின் வாசல். இந்த மூன்றிலும் வண்டியை உடனே நகர்த்தியாக வேண்டும். அதற்கு நாங்கள் போக்குவரத்துக் காவல்துறைக்கு எழுதி, வண்டிகளை இழுத்துப் போகும் அவர்களின் மீட்பு வண்டியை வரவழைத்தோம். உள்ளே போலீஸ் வந்தது என்று ஒரு வாரம் முணுமுணுப்பு இருந்தது.

சில வளாகங்கள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று மாணவர் வண்டிகளை மொத்தமாகத் தடுக்கின்றன. சென்னை ஐஐடியில் விடுதி மாணவர்களுக்கு மிதிவண்டிதான், உள்ளே பேருந்து ஓடுகிறது. மானும் வெளிமானும் குறுக்கே ஓடும் வளாகத்தில் அது பொருந்துகிறது. 2015 ஓணம் கொண்டாட்டத்தின்போது திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி வளாகத்துக்குள் மாணவர்கள் ஓட்டிவந்த ஜீப் மோதி ஒரு மாணவி இறந்தார். வளாகத்துக்குள் வண்டியே வேண்டாம் என்ற குரல் ஏன் எழுகிறது என்று அதன் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் விடுதியில் இல்லாமல் முப்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருகிற ஆய்வாளருக்குப் பேருந்தும் இல்லாமல் தடையும் போட்டால், வண்டி கேட்டுக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும். பிரச்சினையைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளியதுதான் மிச்சம்.

உங்களுக்கு நடைமுறையாகச் சில விஷயங்கள். கொடுத்த 500 ரூபாய்க்குத் தேதி, நேரம், இடம் எழுதிப் பதிவாளருக்கு ஒரு மனு கொடுங்கள். ரசீது கேளுங்கள், பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். ரசீது கேட்டாலே உள்ளே பலருக்கு வேலை வந்துவிடும். பதில் வராவிட்டால், மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும்: பத்து ரூபாய் கட்டணம், 30 நாள். பூட்டுவதற்கு அனுமதி தந்த ஆட்சிக்குழுத் தீர்மானத்தின் நகல், கடந்த மூன்று நிதியாண்டில் வசூலித்த தொகை, அது செலுத்தப்பட்ட கணக்கு, நடவடிக்கை எடுத்த வண்டிகளில் இருசக்கரம் எத்தனை கார் எத்தனை என்று நான்கு கேள்விகள் போதும். நான்காவது கேள்வியில் உங்கள் இரண்டு கார்களும் வந்துவிடும், யார் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி மாணவர் குறைதீர் குழு இருக்கும். 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும். பார்க்கிங் தொகை அந்த விதிமுறை சொல்லும் ‘குறை’க்குள் வருமா என்பது வாதத்துக்கு உரியது, இருந்தாலும் மனுவை அங்கேயும் கொடுத்து வையுங்கள். கட்டாத அபராதத்துக்காக அசல் சான்றிதழைப் பிடித்துவைப்போம் என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம், அசல் சான்றிதழ்களை நிறுவனம் வைத்துக்கொள்வதை மானியக் குழு தடுத்திருக்கிறது. ‘நிலுவை இல்லை’ சான்றில் இழுத்தடிப்பார்கள், அது நடக்கும்.

அடுத்த முறை பூட்டினால் சங்கிலியை வெட்டாதீர்கள். வெட்டினால் பல்கலைக்கழகச் சொத்தைச் சேதப்படுத்தியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள், பேச்சே அதைப் பற்றி ஆகிவிடும். வண்டி, சங்கிலி, பலகை இருந்த இடம் அல்லது இல்லாத இடம், பக்கத்து வண்டிகள் என்று நான்கைந்து படம் எடுங்கள். ரசீது தந்தால் ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று அதிலேயே எழுதிக் கட்டிவிடலாம். தர மாட்டேன் என்றால் அந்த ஆளோடு சண்டை வேண்டாம், அவர் ஏஜென்சி ஆள். எஸ்டேட் அலுவலகத்துக்குப் போன் செய்து, சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஷிப்ட் மாறுவதற்கு முன்னால் கேளுங்கள்.